எக்ஸ்போஸ், ஏப்ரல் 1995: நால்வரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் யாரை?

#1 மூன்றாம்தளம்

அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற மேனேஜ்மென்ட் கேமில் மான்ட்ரியல் எக்ஸ்போஸை எடுப்பவர்கள் பலரும் 1994இல் ஆரம்பித்து, அந்த வருட வேர்ல்டு சீரிஸை ஜெயித்ததும் சேவ் ஃபைலை மூடிவிடுகிறார்கள். கோப்பையைத் தூக்கியாயிற்று, அநியாயம் சரிசெய்யப்பட்டது என்ற நிம்மதி. எனக்கு அதில் திருப்தி வரவில்லை. அந்த அணியை அழித்தது 1994 ஆகஸ்ட் அல்ல, 1995 ஏப்ரல் என்பது என் எண்ணம். அந்த நான்கு நாட்களை ஆடிப் பார்க்காமல் எக்ஸ்போஸ் வரலாற்றை ஆடினேன் என்று சொல்ல முடியாது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1994 ஆகஸ்ட் 11 இரவு எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி. இரண்டு லீகுகளையும் சேர்த்தாலும் அதுதான் முதலிடம். சம்பளப் பட்டியலில் அடிமட்டத்தில் இருந்த அணி, அட்லாண்டா பிரேவ்ஸை 6 ஆட்டம் பின்னால் விட்டிருந்தது. மறுநாள் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம். செப்டம்பர் 14 அன்று பொறுப்புக் கமிஷனர் பட் செலிக் சீசன் ரத்து என்று அறிவித்தார். 1905இலிருந்து இரண்டு உலகப் போர்களின்போதுகூட நிற்காத வேர்ல்டு சீரிஸ் அந்த வருடம் நடக்கவில்லை.

1995 ஏப்ரல் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. உடனே முதலாளி தரப்பிலிருந்து ஜெனரல் மேனேஜர் கெவின் மலோனுக்கு உத்தரவு: சம்பளத்தைக் குறை. 5ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதிக்குள் நான்கு பேர் போனார்கள். க்ளோசர் (கடைசி இன்னிங்ஸில் எறியும் பிட்சர்) ஜான் வெட்டலண்ட் யாங்கீஸுக்கு. 16 ஆட்டம் ஜெயித்திருந்த பிட்சர் கென் ஹில் கார்டினல்ஸுக்கு. சென்டர் ஃபீல்டர் மார்க்கீஸ் கிரிஸம், வேறு யாருக்கும் இல்லை, அதே டிவிஷனில் இருந்த பிரேவ்ஸுக்கு. ரைட் ஃபீல்டர் லாரி வாக்கருக்கு ஆர்பிட்ரேஷன்கூட (சம்பளத்தை நடுவர் முடிவுக்கு விட்டு ஒரு வருடம் தங்கும் வாய்ப்பு) கொடுக்காமல் விட்டார்கள், அவர் ஃப்ரீ ஏஜென்ட்டாக (எந்த அணிக்கும் போகலாம் என்ற நிலையில்) கொலராடோவுக்குப் போனார். அவருக்கு ஈடாக ஒன்றுமே வரவில்லை.

இதை ஆட இரண்டு சேவ் வைத்திருக்கிறேன். முதலாவது 1994 தொடக்கம், வேலைநிறுத்தம் இல்லாமல் 162 ஆட்டமும் நடக்கும். இரண்டாவதுதான் இந்த இழைக்குக் காரணம். 1995 தொடக்கம் எடுத்தால் நால்வரும் ஏற்கெனவே போயிருப்பார்கள். கமிஷனர் மோடில் (எதையும் மாற்றிக்கொள்ள விடும் அமைப்பு) அவர்களைத் திரும்ப எக்ஸ்போஸுக்குக் கொண்டுவந்து, மலோன் அனுப்பி வாங்கியவர்களைப் பழைய அணிகளுக்கே அனுப்பி, ஓனர் பட்ஜெட்டைக் குறைத்து, நால்வரில் ஒருவருக்கு மட்டும் இடம் இருக்கும்படி வைத்தேன். ரேட்டிங் ரீகால்க் அணைத்திருக்கிறேன். ஸ்கவுட்டிங் உண்டு. ட்ரேட் கடினம்.

நான் வைத்துக்கொண்டது வாக்கரை. 28 வயது. ரைட் ஃபீல்டில் அவர் கையைப் பார்த்தே ஓடுபவன் நின்றுவிடுவான். கனடாக்காரர், மான்ட்ரியலின் முகமாக இருந்திருக்கக்கூடிய ஆள். சென்டருக்கு ரான்டல் ஒயிட் 23 வயதில் தயாராக நிற்கிறார், அதனால் கிரிஸம் போனால் அந்த ஓட்டையை அடைக்க முடியும். வெட்டலண்ட் இடத்துக்கு மெல் ரோஹாஸ் இருக்கிறார். ஹில் போனால் வலிக்கும், ஆனால் பிட்சர்கள் பெட்ரோ மார்டினெஸும் ஃபஸேரோவும் இருக்கிறார்கள். வாக்கரின் இடத்துக்கு மட்டும் ஆள் இல்லை.

உங்கள் பதில் என்ன? காரணத்தோடு எழுதுங்கள்.

#2 ரீகால்க்பிரியன்

வாக்கர் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ரீகால்க் அணைத்துவிட்டு எக்ஸ்போஸ் வரலாறு ஆடுகிறேன் என்பதை ஏற்க முடியவில்லை. ரீகால்க் இல்லை என்றால் 1995க்குப் பிறகு அந்த லீகில் இருப்பவர்கள் பெயரளவில்தான் அந்த ஆட்டக்காரர்கள். உங்கள் சேவில் பெட்ரோ மார்டினெஸ் 25 வயதில் தோள்பட்டை கிழிந்து காணாமல் போகலாம். பிரேவ்ஸின் பிட்சர் மேடக்ஸ் அடுத்த வருடமே சரியலாம். அப்புறம் நீங்கள் யாரைத் தோற்கடித்தீர்கள்?

மூன்று வருட ரீகால்க் போட்டால் ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் உண்மையான வாழ்க்கையின் போக்கில் போவார். நீங்கள் மாற்றுவது அணியின் முடிவுகளை மட்டும். வரலாற்றை மறுபடி ஆடுவது என்றால் அதுதான்.

#3 மூன்றாம்தளம்

அங்கேதான் நாம் பிரிகிறோம். ரீகால்க் போட்டால் 1997இல் பெட்ரோ 1.90 ஈஆர்ஏ (9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) வைப்பார் என்பது எனக்கு 1995இலேயே தெரியும். அதே வருடம் வாக்கர் நேஷனல் லீக் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஆவதும் தெரியும். பிறகு "யாரை வைத்துக்கொள்வாய்" என்பது கேள்வியே இல்லை, விடைத்தாளைப் பார்த்து எழுதுவது. மலோனுக்குக் கையில் இருந்தது 1994 வரைக்குமான எண்கள், ஸ்கவுட்டுகளின் பேச்சு, டாக்டர்களின் அறிக்கை. வாக்கருக்கு 94இல் தோளில் வலி, சீசன் கடைசியில் ஃபர்ஸ்ட் பேஸில்தான் நிறுத்தினார்கள். அந்தப் பயம் எனக்கும் வர வேண்டும். ரீகால்க் போட்டால் அந்தப் பயம் வராது.

இன்னொன்று. வாக்கரின் 97 எண்களில் பாதி ஆட்டம் டென்வர் உயரத்தில் ஆடியது. மான்ட்ரியலில் தங்கிய வாக்கருக்கு அதை அப்படியே வாழ்க்கையாகக் கொடுப்பது நியாயமா?

#4 பார்க்எக்ஸ்வாசி

தம்பிமார், நான் மான்ட்ரியலுக்கு 91ல வந்தனான். வந்த வருசம் செப்டம்பரில ஒலிம்பிக் ஸ்டேடியத்தில 55 தொன் கொங்கிரீட் துண்டு ஒண்டு இடிஞ்சு விழுந்தது. நல்ல காலம் ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. மிச்ச ஹோம் மாட்சுகளை வெளியூரில ஆடி முடிச்சவை. உங்கட கேமில ஸ்டேடியத்துக்கு ஒரு பெயரும் பார்க் ஃபாக்டரும் (கிரவுண்டால ரன் எவ்வளவு கூடிக் குறையும் எண்ட எண்) இருக்கும். அந்தக் கட்டிடம் எப்பிடி இருந்தது எண்டு அது சொல்லாது. பீ-நஃப் மெட்ரோவில இறங்கி உள்ள போனா, வெளியில வெய்யில் எறிக்கும், உள்ளுக்குள்ள நிலவறை மாதிரி இருக்கும். ரவுனில இருந்து தள்ளி. வேலை முடிஞ்சு குடும்பத்தோட நடந்து போய்ப் பாக்கிற இடம் இல்லை.

அதுக்கு முதல் 69ல இருந்து 76 வரைக்கும் ஜாரி பார்க்கில ஆடினவை. அது எங்கட பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் பக்கத்தில. இப்ப அங்க டென்னிஸ் நடக்குது. அந்தச் சின்னக் கிரவுண்டை இண்டைக்கும் பழைய ஆக்கள் ஆசையாக் கதைப்பினம்.

இதை ஏன் சொல்லுறன் எண்டா, "மான்ட்ரியல் பேஸ்போல் ஊர் இல்லை" எண்டு ஒரு கதை இருக்கு. அது பொய். 79, 80, 82, 83 எண்டு நாலு முழு சீசனிலயும் 20 லட்சத்துக்கு மேல சனம் போனது. 83ல 23 லட்சம் தாண்டினது. 94லயும் மாட்சுக்கு 24 ஆயிரத்துக்கு மேல வந்தவை, அதுவும் ஏறிக்கொண்டு போன நேரம். நீங்கள் மார்க்கெட் சைசைக் குறைச்சுப் போட்டு ஆடினா அந்தப் பொய்யைத்தான் திருப்பிச் சொல்லுறியள். ரசிகர் விசுவாசத்தை நல்லா வையுங்கோ. காசை மட்டும் குறையுங்கோ. வாங்கின சம்பளம் அமெரிக்க டொலரில, டிக்கட் வித்தது கனடிய டொலரில. 90களின்ர நடுவில எங்கட டொலர் அமெரிக்கக் காசில 73 சதம் அளவில நிண்டது, 2002 தொடக்கத்தில 62க்குப் போட்டுது.

ஆளைக் கேட்டா: வாக்கர்தான். வேற கதையே இல்லை.

#5 புதுவரவு

வணக்கம் எல்லாருக்கும். கிரிக்கெட் மேனேஜ்மென்ட் கேம்கள்தான் இதுவரை ஆடியிருக்கிறேன், பேஸ்பால் இப்போதுதான். இழையை இரண்டு முறை படித்தேன். இரண்டு சந்தேகம்.

ரீகால்க் என்றால் சரியாக என்ன? ரோஹாஸ் இருக்கிறார் என்று வெட்டலண்டை அனுப்பலாம் என்கிறீர்கள். க்ளோசர் கடைசி இன்னிங்ஸில் ஜெயிக்க வைப்பவர் இல்லையா, அவர் இல்லாமல் எப்படி?

#6 ரீகால்க்பிரியன்

வருக. ரீகால்க் என்பது ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஆட்டக்காரரின் திறன் எண்களை அவர் நிஜத்தில் அடித்த, எறிந்த புள்ளிவிவரத்தை வைத்து மறுபடி கணக்கிடுவது. ஒரு வருடத்தை மட்டும் பார்க்கச் சொல்லலாம், அக்கம்பக்க வருடங்களையும் சேர்க்கச் சொல்லலாம். அணைத்துவிட்டால் கேமின் சொந்த வளர்ச்சி எஞ்சின் முடிவு செய்யும்: வயது, காயம், கோச், கூடவே குருட்டு அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தின் அளவையும் ஏற்றி இறக்கலாம்.

க்ளோசர் விஷயம்: ஒரு சீசனில் அவர் எறிவது 60, 70 இன்னிங்ஸ். ஒரு நல்ல ஸ்டார்ட்டர் 200க்கு மேல். வாக்கர் போன்ற ஆள் தினமும் நாலு முறை பேட் பிடித்து, 9 இன்னிங்ஸும் ஃபீல்டில் நிற்கிறார். பணம் இல்லாத அணி முதலில் விற்க வேண்டியது க்ளோசரைத்தான். ரோஹாஸ் நிஜத்திலேயே 95இல் 30 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்துக்கொடுத்த ஆட்டம்), 96இல் 36 சேவ் எடுத்தார்.

#7 ஸ்கோர்ஷீட்

நீங்கள் எல்லோரும் 94, 95 என்று பேசுகிறீர்கள். என் சேவ் 1969இல் ஆரம்பிக்கிறது. எக்ஸ்போஸை ஆட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே வந்த முதல் மேஜர் லீக் அணி. முதல் ஆட்டம் 1969 ஏப்ரல் 8, ஷே ஸ்டேடியத்தில் மெட்ஸை 11-10 என்று ஜெயித்தார்கள். ஒன்பதாவது ஆட்டத்திலேயே பில் ஸ்டோன்மன் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) எறிந்தார். அப்படி ஆரம்பித்தும் சீசன் முடிவு 52 வெற்றி, 110 தோல்வி. மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டதைப் பொறுக்கிக் கட்டிய அணி என்றால் இப்படித்தான். ரஸ்டி ஸ்டாப் ஒருவர்தான் நட்சத்திரம், ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 72இல் அவரை மெட்ஸுக்குக் கொடுத்து சிங்கிள்டன், ஃபோலி, யோர்கென்சன் என மூன்று இளைஞர்களை வாங்கினார்கள். நல்ல ட்ரேட். பிறகு 74 டிசம்பரில் அதே சிங்கிள்டனையும் மைக் டோரெஸையும் பால்டிமோருக்குக் கொடுத்து, வயதான டேவ் மெக்னாலியையும் ரிச் காகின்ஸையும் வாங்கினார்கள். மெக்னாலி அடுத்த கோடையிலேயே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார். சிங்கிள்டன் பால்டிமோரில் பத்து வருடம் அடித்தார். நான் என் சேவில் தொட மறுத்த முதல் ட்ரேட் அது.

1969இலிருந்து ஆடினால் பெரிய கேள்வி டிராஃப்ட், அதாவது புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. கேமில் இரண்டு வழி. அறிமுகமாகும் ஆட்டக்காரர்களை நிஜத்தில் போன அணிக்கே தானாக அனுப்பலாம், அல்லது எல்லோரையும் டிராஃப்டில் போடலாம். இரண்டாவதைப் போட்டால் கேரி கார்ட்டரும் டாசனும் ரெய்ன்ஸும் யாருக்கு வேண்டுமானாலும் போவார்கள். டாசன் நிஜத்தில் 11ஆம் சுற்று, ரெய்ன்ஸ் 5ஆம் சுற்று. அவர்களைக் கண்டுபிடித்தது எக்ஸ்போஸ் ஸ்கவுட்டுகளின் உழைப்பு. அதைக் கேம் டிராஃப்டில் போட்டு எல்லோருக்கும் பொதுவாக்கினால், அந்த அணி எதில் கெட்டிக்காரத்தனம் காட்டியதோ அதுவே இல்லாமல் போகும். வாக்கர் டிராஃப்டிலேயே வரவில்லை. கனடாக்காரர்களை அப்போது டிராஃப்டில் சேர்க்கவில்லை, 84இல் எக்ஸ்போஸ் நேராகக் கையெழுத்து வாங்கியது. விளாதிமிர் கெரேரோவும் அப்படித்தான், டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவர். அதனால் நான் எப்போதும் முதல் வழிதான்.

என்னைக் கேட்டால் இந்த அணியின் உடைந்த இடம் 1981 அக்டோபர் 19. டாட்ஜர்ஸோடு லீக் சாம்பியன்ஷிப்பின் ஐந்தாவது, கடைசி ஆட்டம், 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஸ்டார்ட்டரான ஸ்டீவ் ரோஜர்ஸை ரிலீஃபில் (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக) இறக்கினார்கள், ரிக் மண்டே ஹோம் ரன். 2-1. புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் காத்திருக்கும் இடம்) க்ளோசர் ஜெஃப் ரியர்டன் இருந்தார். அந்த அணியில் கார்ட்டர், டாசன், ரெய்ன்ஸ் மூவரும் ஒன்றாக, மூவரும் பிற்பாடு ஹால் ஆஃப் ஃபேம். அவர்களோடு வேர்ல்டு சீரிஸுக்குப் போயிருந்தால் 84இல் கார்ட்டரை விற்கும் மனசு வந்திருக்குமா?

#8 மூன்றாம்தளம்

ரோஜர்ஸை இறக்கியது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்தைய சீரிஸில் ஸ்டீவ் கார்ல்டனை இரண்டு முறை ஜெயித்தவர் அவர். ஆனால் உங்கள் பெரிய கேள்வி சரியானது. எனக்கு 81ஐவிட 95 முக்கியமாகப் படுவதற்குக் காரணம், 81 ஒரு பந்து. அதை மறுபடி எறிந்தால் வேறு மாதிரி போகும், சிமுலேட் பண்ணினால் பாதி முறை ஜெயிப்போம். 95 ஒரு முடிவு. அதன் எதிரில் உட்கார்ந்து யோசிக்க முடிகிறது.

#9 ரீகால்க்பிரியன்

யோசிக்க முடிகிறது என்பது சரி, ஆனால் கேம் அந்த முடிவைச் சுலபமாக்கிவிடுகிறது. இதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

1995 ஏப்ரலில் எல்லா ஜெனரல் மேனேஜருக்கும் தெரியும், மலோன் சில நாட்களுக்குள் விற்றே ஆக வேண்டும் என்று. அதனால்தான் வெட்டலண்டுக்கு ஃபெர்னாண்டோ செகினோலும் கொஞ்சம் பணமும் வந்தது. ஹில்லுக்கு வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. கிரிஸமுக்கு ராபர்ட்டோ கெல்லி, டோனி டராஸ்கோ, எஸ்டெபன் யான். கேமில் உள்ள கணினி அணிகளுக்கு உங்கள் அவசரம் தெரியாது. உங்கள் பட்ஜெட் கழுத்தை நெரித்தாலும், வெட்டலண்டை ட்ரேட் பிளாக்கில் போட்டால் அவர் மதிப்புக்கு ஏற்ற இரண்டு மூன்று நல்ல இளைஞர்களைக் கொடுக்கும். 94இன் வெட்டலண்டுக்கு நான் ஒரு முறை வாங்கியது லீகின் முன்னணி பிட்ச்சிங் பிராஸ்பெக்ட் (வளர்ந்துவரும் இளைஞர்). ட்ரேட் கடினத்தை உச்சத்தில் வைத்தும்கூட.

இதே ஓட்டை 2002இலும் உண்டு, தலைகீழாக. அப்போது அணியின் சொந்தக்காரர் மேஜர் லீகே. அணியைக் கலைத்துவிடுவார்கள் என்ற பேச்சு. அதனால் ஒமர் மினாயா அந்த ஜூனில் பார்டோலோ கொலோனை வாங்க கிளிஃப் லீ, பிராண்டன் ஃபிலிப்ஸ், கிரேடி சைஸ்மோர் மூவரையும் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தார். எதிர்காலம் உண்டா என்று தெரியாத அணி அப்படித்தான் செய்யும். கேமில் உங்களுக்கு எதிர்காலம் எப்போதும் உண்டு.

எனவே வீட்டு விதி ஒன்று வேண்டும்.

#10 மூன்றாம்தளம்

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் என்னை உட்கார வைத்தது. நான் வைத்த விதி: ஏப்ரல் 5க்குப் பிறகு விற்கும் ஒவ்வொருவருக்கும் எந்த அணியின் முதல் பத்து பிராஸ்பெக்டுகளில் இருந்தும் ஒருவரையும் கேட்கக் கூடாது. அதற்கு முன்னால், நவம்பர் டிசம்பரில், விற்றால் விலக்கு.

ரீகால்க்பிரியன் சொல்வது நேராக இதில்தான் போய் முட்டுகிறது. அந்தக் குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் காரணமாக எல்லாம் உறைந்து கிடந்தது. முதலாளிகள் சம்பள உச்சவரம்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாருக்கும் அடுத்த சீசனின் விதிகளே தெரியாது. கடைசியில் நீதிபதி சோனியா சோட்டோமேயர் மார்ச் 31 அன்று முதலாளிகளுக்கு எதிராகத் தடை உத்தரவு போட்ட பிறகுதான் ஆட்டக்காரர்கள் திரும்பினார்கள். ஆகவே மலோனுக்கு டிசம்பரில் விற்கும் சந்தர்ப்பம் நடைமுறையில் இல்லை. என் விலக்கையும் எடுத்துவிடப் போகிறேன்.

#11 பார்க்எக்ஸ்வாசி

விலக்கை எடுக்கிறது சரி. ஆனா ஒண்டு கேக்கிறன். உங்கட முதல் சேவில, 94 முழுக்க நடக்கிறதில, காசு எப்பிடிப் போகுது? அந்த சீசன் ஒக்டோபர் வரைக்கும் நடந்திருந்தா செப்டம்பர் முழுக்க ஸ்டேடியம் நிறைஞ்சிருக்கும், பிளேஓஃப் டிக்கட் காசு வேற. அப்ப முதலாளிமாருக்கு ஏப்ரலில நாலு பேரை வித்தே ஆகவேணும் எண்ட நிலை வந்திருக்காது. கூட்டுச் சேந்து அணியை வாங்கின கொம்பனியள் தங்கட கையால இன்னும் காசு போடத் தயாரா இருக்கேல்லை எண்டது உண்மைதான். ஆனா வருமானம் வந்திருந்தா கதை மாறும்.

அப்ப 94உம் 95உம் ரெண்டு வேற காயம் எண்டு நீங்கள் சொல்லுறது பிழை. ஒரே காயம்.

#12 மூன்றாம்தளம்

அண்ணா, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் சேவில் டிவிஷனை ஜெயித்தேன், லீக் சாம்பியன்ஷிப்பில் பிரேவ்ஸ் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரசிகர் ஆர்வம் மிக உயரத்துக்குப் போனது, ஓனர் பட்ஜெட்டை ஏற்றினார். ஏற்றியும் நால்வரையும் வைக்க முடியவில்லை. வாக்கருக்கு ஃப்ரீ ஏஜென்சி. வெட்டலண்டும் ஹில்லும் கிரிஸமும் ஆர்பிட்ரேஷனில் எகிறினார்கள். பெட்ரோவும் மோய்செஸ் அலூவும் பின்னாலேயே வரிசையில் நின்றார்கள். ஒரே வயதில், ஒன்றாக வளர்ந்த, ஒன்றாகவே விலை ஏறும் ஆட்டக்காரர்கள். எவ்வளவு நல்ல டிராஃப்ட் பண்ணினாலும் சின்னப் பணம் உள்ள அணிக்கு அந்தக் கணக்கு ஒரு நாள் வந்தே தீரும்.

நீங்கள் சொல்வதில் நான் ஒத்துக்கொள்வது: வருமானம் இருந்தால் நால்வரில் இருவர் இருந்திருப்பார்கள், மற்ற இருவரும் நல்ல விலைக்கு, நிதானமாக விற்கப்பட்டிருப்பார்கள். அது பெரிய வித்தியாசம். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு நாளில் நான்கு பேர் என்ற அந்த முறை, இந்த அணி இனி ஜெயிக்க முயலாது என்று ஊருக்கே சொன்னது. அடுத்த வருடங்களில் ஸ்டேடியம் காலியானது அந்தச் சேதியால் என்பது என் எண்ணம்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 95இல் பிரேவ்ஸ் கோப்பை ஜெயித்தபோது கடைசி அவுட்டைப் பிடித்தது கிரிஸம். 96இல் யாங்கீஸ் ஜெயித்தபோது வேர்ல்டு சீரிஸ் எம்விபி வெட்டலண்ட். 97இல் ஃப்ளோரிடா ஜெயித்தபோது அந்த அணியில் மோய்செஸ் அலூ. மூன்று வருடம், மூன்று வெவ்வேறு அணி, மூன்றிலும் 94 எக்ஸ்போஸின் ஆள். மான்ட்ரியலில் இருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

#13 ஸ்கோர்ஷீட்

அப்படியும் 96இல் எக்ஸ்போஸ் 88 ஆட்டம் ஜெயித்ததை மறக்கக் கூடாது. வைல்டு கார்டுக்கு (டிவிஷனை ஜெயிக்காத அணிக்கான பிளேஆஃப் இடம்) இரண்டு ஆட்டம்தான் குறைவு. அந்த வருடம் 36 ஹோம் ரன் அடித்த ஹென்றி ரோட்ரிகெஸ் எப்படி வந்தார் தெரியுமா? கிரிஸமுக்காக வந்த ராபர்ட்டோ கெல்லியை 95 மே மாதம் டாட்ஜர்ஸுக்கு அனுப்பி வாங்கியவர்களில் ஒருவர். மலோன் வெறும் கையோடு அந்த மேசையிலிருந்து எழுந்திருக்கவில்லை. மோய்செஸின் அப்பா ஃபெலிப்பே அலூ போல ஒரு மேனேஜர் இருந்தால் எதை வைத்தும் அணி கட்டலாம்.

கேமில் இந்த மனிதரின் மதிப்பைக் காட்ட வழி போதாது. இளைஞர்களை வளர்ப்பதில் கோச்சுக்கு ஒரு எண் இருக்கிறது, அதை நான் அவருக்கு உச்சத்தில் வைக்கிறேன். அவ்வளவுதான் செய்ய முடிகிறது.

#14 புதுவரவு

நான் நேற்று ஆரம்பித்தேன், மூன்றாம்தளம் சொன்ன 1995 அமைப்பு அப்படியே. நான் கிரிஸமை வைத்துக்கொண்டு வாக்கரை அனுப்பலாமா என்று பார்த்தேன், ஏனென்றால் வாக்கர் எப்படியும் ஃப்ரீ ஏஜென்ட், கிரிஸம் இன்னும் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பவர். அந்தக் கோணத்தில் யாரும் பேசவில்லையே?

#15 ரீகால்க்பிரியன்

நல்ல கேள்வி. கட்டுப்பாட்டில் இருப்பது மதிப்புதான். ஆனால் கிரிஸமின் பலம் கால். ஓடிப் பிடிப்பதும் பேஸ் திருடுவதும் 28க்குப் பிறகு முதலில் தேய்வது. வாக்கர் கால் போனாலும் பேட்டையும் கையையும் வைத்து ஆடுவார். அதோடு கிரிஸமை விற்றால் ஏதோ ஒன்று திரும்ப வரும். வாக்கரை விட்டால் பூஜ்யம். ஆர்பிட்ரேஷன் கொடுத்திருந்தால் குறைந்தது டிராஃப்ட் பிக்காவது கிடைத்திருக்கும். அவர் "சரி" என்று சொல்லி ஒரு வருடம் தங்கிவிடுவாரோ என்று பயந்து அதையும் கொடுக்கவில்லை.

ஒரு சின்ன யோசனை: ஸ்கவுட்டிங்கை அணைத்து ஆடாதீர்கள். ரேட்டிங் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாகத் தெரிந்தால் இந்த விவாதமே தேவைப்படாது.

#16 பார்க்எக்ஸ்வாசி

கிரிஸமை வித்தாலும் பிரேவ்ஸுக்கு மட்டும் குடுக்காதீங்கோ. ட்ரேட் விண்டோவில அவங்கட பெயரே வரவேண்டாம்.

#17 மூன்றாம்தளம்

அதையும் விதியாகச் சேர்த்துவிட்டேன்: சொந்த டிவிஷனுக்கு விற்பனை இல்லை.

இரண்டாவது சேவின் நிலவரம். வாக்கர் இருக்கிறார். கிரிஸமை அமெரிக்கன் லீகுக்கு அனுப்பி இரண்டு சுமாரான இளைஞர்களை வாங்கினேன், ஒருவன் தேறுவான் போலிருக்கிறது. வெட்டலண்டும் ஹில்லும் கிட்டத்தட்ட சும்மா போனார்கள். கிளிஃப் ஃப்ளாய்டுக்கு நிஜத்தில் 95 மே மாதம் மணிக்கட்டு உடைந்தது. என் சேவில் அது நடக்கவில்லை, ஃபர்ஸ்ட் பேஸில் 22 வயசுப் பையனாக மெல்ல மெல்லத் தேறுகிறார். ரீகால்க் போட்டிருந்தால் அந்த உடைந்த வருடமே அவர் தலையில் எழுதியிருக்கும். 95 முடிவில் பிரேவ்ஸுக்குப் பின்னால் இரண்டாம் இடம். நிஜத்தில் 66-78, கடைசி இடம்.

இப்போது அடுத்த பூட்டு. 96 முடிந்ததும் அலூ ஃப்ரீ ஏஜென்ட். 97 நவம்பரில் பெட்ரோவுக்கு இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம். நிஜத்தில் சை யங் (லீகின் சிறந்த பிட்சர் விருது) வாங்கிய கையோடு அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து கார்ல் பவானோவையும் டோனி அர்மாஸ் ஜூனியரையும் வாங்கினார்கள். வாக்கரின் சம்பளம் என் பட்ஜெட்டில் உட்கார்ந்திருப்பதால், அலூவையும் பெட்ரோவையும் சேர்த்து வைக்க வழியே இல்லை.

#18 ஸ்கோர்ஷீட்

பெட்ரோ. அலூ அப்பாவுக்காகத் தங்குவார் என்ற கணக்கு கேமில் இல்லை, நிஜத்திலும் அது நடக்கவில்லை.

#19 பார்க்எக்ஸ்வாசி

பெட்ரோவுக்கு இப்பவே, 95லயே, நீண்ட ஒப்பந்தம் எழுதுங்கோ. 23 வயசு, விலை இன்னும் ஏறேல்லை. அவரைத்தான் டெலைனோ டிஷீல்ட்ஸைக் குடுத்து டாட்ஜர்ஸிட்ட இருந்து வாங்கினவை, அண்டைக்கு இங்க எல்லாரும் திட்டினவை.

#20 மூன்றாம்தளம்

பேசிப் பார்த்தேன். ஐந்து வருடம் கேட்கிறார், நான்காவது வருடத்திலிருந்து தொகை எகிறுகிறது. வாக்கரின் ஒப்பந்தம் முடியும் வருடமும் அதுதான். கையெழுத்துப் போடப் போகிறேன். ரோஹாஸை வரும் ஜூலையில் விற்றுவிட்டு, புல்பென்னை மைனர் லீக் பையன்களை வைத்து ஓட்டினால் 98 வரை மூச்சு விடலாம். அதே அமைப்பில் ஆடும் மற்றவர்கள் உங்கள் 96 பட்ஜெட் பக்கத்தைப் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.